குறைவாக ஓடிய பழைய காரும் பழைய கார்தான்

இந்த வாரமும் ஒரு வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். சின்ன குடும்பக் கார். வயது 14, மீட்டரில் வெறும் 38,000 கிலோமீட்டர். போய்க்கொண்டிருக்கும்போதே, வால்வுகளையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிட்டன. இனி எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றாமல் முடியாது. உரிமையாளர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "அதிகம் ஓட்டவே இல்லையே, எப்படிங்க அறுந்தது?"

இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்த பெல்ட் ரப்பர். வண்டி நின்றாலும் ஓடினாலும் ரப்பருக்கு வயதாகும். கழற்றிய பெல்ட்டைப் பின்பக்கமாக வளைத்து அவரிடம் காட்டினேன். பல்லுக்குப் பல் இடையில் மயிரிழை விரிசல். நகத்தால் நெருடினால் பல்லே பெயர்ந்து வந்தது. வண்டியோடு வந்த கையேட்டில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது" என்றுதான் இருக்கும். எல்லோரும் முன்பாதியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பெல்ட்டுக்குப் பதில் செயின் போட்ட எஞ்சின் என்றால் இந்தக் கவலை குறைவு, ஆனால் ஆயிலை மாற்றாமல் விட்டால் செயினும் தளரும்.

"எடுக்கவே மாட்டேன், தங்கமாக வைத்திருக்கிறேன்" என்பவர்களின் வண்டியைத்தான் நான் கூடுதல் பயத்தோடு திறக்கிறேன். மாதம் நாலு தடவை கடைக்குப் போய் வரும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளிறிய பசை மாதிரி படிந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள்.

பிரேக் ஆயில் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். "அளவு சரியாக இருக்கிறதே" என்கிறார்கள். அளவு சரி, உள்ளே இருப்பது சரியா? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 (DOT 3) என்ற பிரேக் ஆயில் வகையை எடுத்துக்கொண்டால், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் தரைக்குப் போகும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி இது. கையேடு வேறு கணக்குச் சொல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றிவிடுங்கள், தயவுசெய்து.

டயரிலும் இதே ஏமாற்றம்தான். பட்டன் ஆழமாக இருக்கிறது என்று திருப்திப்படாமல், பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடம் தாண்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதை யாரும் பார்ப்பதே இல்லை.

கூலன்ட் ஹோஸை எஞ்சின் ஆறியபின் அழுத்திப் பாருங்கள். விறைத்திருந்தாலும் கொழகொழவென்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், பின்சக்கர டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அப்புறம், நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பராமரிப்பே இல்லை. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள்.

மீட்டர் குறைவு என்பதை நம்பி பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டைமிங் பெல்ட் மாற்றிய தேதி எழுத்தில் இல்லையா, மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்த பெல்ட்டிலேயே சுற்றும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அவற்றுக்காக மறுபடி இதே இடத்தைப் பிரிப்பது வீண் வேலை. மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி எஞ்சின் கவரிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.