பென்சீன்: சாம்பிராணியில் பிறந்த பெயர்

பென்சீன் என்பது எண்ணெயையும் பெயின்டையும் கரைக்கும் ஒரு வேதி நீர்மம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனால் நம் வீட்டுச் சாம்பிராணிக் கரண்டியில் போய் நிற்போம். வெள்ளிக்கிழமை தணலில் தூவுகிறோமே, அந்த அசல் சாம்பிராணி சுமத்ராப் பக்கம் வளரும் ஒரு மரத்தின் பிசின். அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி' என்றார்கள், ஜாவா நாட்டுக் குந்திரிக்கம் என்று பொருள் (சுமத்ராவையும் அவர்கள் ஜாவா என்றே சொல்லி வந்தார்கள்). முன்னால் இருந்த 'லு' ஐரோப்பியர் காதில் தங்கள் மொழியில் பெயருக்கு முன் வரும் ஒட்டுச்சொல்லாகப் பட, அதைக் கழற்றிவிட்டார்கள். மிச்சம்தான் மெல்ல மெல்ல பென்சாயின் ஆனது.

சாம்பிராணியைச் சூடாக்கினால் ஆவியாகி மேலே வெள்ளைப் படிகமாகப் படிவது பென்சாயிக் அமிலம். 1833இல் ஜெர்மன் வேதியியலாளர் மிட்சர்லிக் இந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்து, கிடைத்த நீர்மத்துக்கு 'பென்சின்' என்று பெயர் வைத்தார். இன்னொரு ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் அதைப் 'பென்சால்' என்று மாற்றினார். இதே பொருளை 1825இலேயே ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே பிரித்தெடுத்திருந்தார், ஆனால் அவர் வைத்த பெயர் நிற்கவில்லை.

நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில் உதவியாளர் ஒருவர் கையில் பட்ட பெயின்டைப் பென்சீன் ஊற்றித்தான் கழுவுவார். கழுவி முடித்ததும் விரல்களெல்லாம் சாக்பீஸ் தொட்டது போல வெளுத்திருக்கும், தோலில் உள்ள எண்ணெய்ப்பசையை அது உறிஞ்சிவிடும். லேசான இனிப்பு வாசனை வேறு, நாங்களும் முகர்ந்து பார்த்திருக்கிறோம். இதெல்லாம் கூடாது என்று அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

தலைவலி, கிறுகிறுப்பு, நிறைய சுவாசித்தால் மயக்கம், இவை உடனே தெரிபவை. தெரியாமல் நடப்பதுதான் கொடுமை. கல்லீரல் பென்சீனை உடைக்கும்போது உண்டாகும் பொருள்கள் எலும்பு மஜ்ஜையைத் தாக்குகின்றன, ரத்த அணுக்கள் உருவாவது குறைகிறது, சிலருக்கு ரத்தப் புற்றுநோயில் போய் முடிகிறது. இஸ்தான்புல்லில் பென்சீன் கலந்த பசையை வைத்து செருப்பு ஒட்டிய தொழிலாளர்களிடம் இதை 1970களில் மருத்துவர் முசாஃபர் அக்சோய் பதிவு செய்தார். அமெரிக்காவில் 8 மணி நேர வேலைக்கு அனுமதித்த சராசரி அளவு, காற்றில் பத்து லட்சத்தில் 1 பங்கு. பெரும்பாலானவர்களுக்கு வாசனை தெரியும்போதே அந்த அளவு தாண்டியிருக்கும், அதனால் மூக்கை நம்பக் கூடாது.

துணி மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் தூசியைத் தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகுப்பி (கார்ட்ரிட்ஜ்) பொருத்திய முகக்கவசம்தான் வேண்டும். ஆய்வகத்தில் சாதாரணமாகப் போடும் நைட்ரைல் கையுறையையும் பென்சீன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், வைட்டான் என்ற செயற்கை ரப்பர் கையுறை தாங்கும். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தூரத்தில் இருக்கும் நெருப்பைக்கூடப் பிடித்துக்கொள்ளும். உடையில் சிந்தினால் உடனே கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பல வேலைகளுக்குப் பென்சீனின் உறவுக்காரரான டொலுயீன் என்ற நீர்மமே போதும், அதுவும் ஒன்றும் சாது இல்லை, ஆனால் மஜ்ஜையை இப்படித் தாக்குவதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? சால்வென்ட்டுக்குக் கரைப்பான் என்ற அழகான சொல் இருக்கிறது, தயங்காமல் எழுதலாம். பென்சீனைப் பென்சீன் என்றே விடலாம் என்பது என் கருத்து. வேர் சாம்பிராணி என்பதற்காக அந்த மணத்தைக் கொண்டுவரும் பெயரைச் சூட்டினால் கேட்பவருக்கு அச்சம் போய்விடும். பென்சீன் சேர்ந்த குடும்பத்தை 'நறுமணச் சேர்மம்' என்பதிலும் எனக்கு இதே சங்கடம், வேதியியலில் அது அணுக்கள் வளையமாகப் பிணைந்திருக்கும் விதத்தைக் குறிக்கிறது, மணத்தை அல்ல. அரோமேட்டிக் சேர்மம் என்று எழுதினால் குழப்பமில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. பென்சைன் என்பது வேறு, பெட்ரோலியத்திலிருந்து வடிக்கும் கலவை அது, ஜெர்மன்காரர்களுக்குப் பென்சின் என்றால் பெட்ரோலே. ஆனால் பழைய புட்டிகளில் பென்சால் என்று எழுதியிருந்தால் அது பென்சீனேதான். பெயரில் சந்தேகம் வந்தால் லேபிளில் சிஏஎஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி அடையாள எண்ணைத் தேடுங்கள், 71-43-2 என்று இருந்தால் மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது பென்சீன்.