பிள்ளைகளின் உணவுப் பணத்துக்குப் பூட்டுப் போடுங்கள்

அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஸ்னாப் என்ற அரசு உணவு உதவி பெற்றுத் தரும் பணியில் இருக்கிறேன். பணம் ஏறிய மறுநாளே கார்டு காலியாகிவிட்டது என்று பதறி வரும் தாய்மார்கள் பலரைப் பார்க்கிறேன். கணக்கைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். நள்ளிரவு தாண்டியதும் மாதத் தொகை வரவு; சற்று நேரத்திலேயே, அவர் காலெடுத்து வைத்திராத ஏதோ ஒரு மாநிலத்துக் கடையில் மொத்தத்தையும் துடைத்தெடுத்த ஒரு கொள்முதல். கார்டோ அவர் கைப்பையிலேயே இருக்கிறது.

உங்கள் கவனக்குறைவு இல்லை என்பதைத்தான் முதலில் சொல்வேன். இந்த உதவித்தொகை ஏறும் கார்டுக்கு இபிடி கார்டு என்று பெயர். பெரும்பாலான மாநிலங்களின் இபிடி கார்டில் இன்னமும் சிப் கிடையாது, வெறும் காந்தப் பட்டைதான். கடைக் கல்லாவில் கார்டைத் தேய்க்கும் கருவியின் மேல், அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் பிளாஸ்டிக் மூடி ஒன்றைத் திருடர்கள் பொருத்திவிடுகிறார்கள். பட்டையில் உள்ள தகவலோடு நீங்கள் அழுத்தும் பின் எண்ணும் அதில் பதிவாகிவிடும். நகல் கார்டு செய்துகொண்டு, பணம் ஏறும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். குழந்தைகளுக்கான பால்மாவு டின்களை மொத்தமாக வாங்கி வெளியில் விற்பதும் உண்டு. கலிஃபோர்னியா 2025இல் சிப் கார்டுக்கு மாறத் தொடங்கியது. மற்ற மாநிலங்கள் ஏன் தயங்க வேண்டும்?

வங்கி டெபிட் கார்டில் இப்படித் திருடு போனால், உடனே புகார் செய்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1996ஆம் ஆண்டின் நலத்திட்டச் சட்டம் அந்தப் பாதுகாப்பிலிருந்து இபிடி கார்டை விலக்கிவிட்டது. 2022 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் 20 வரை நடந்த திருட்டுகளுக்கு மட்டும் மத்திய அரசுப் பணத்திலிருந்து ஈடு கொடுத்தார்கள். அதன்பின் அந்த வழியும் அடைபட்டது. பிள்ளைகளின் பாலுக்கும் சோற்றுக்கும் வைத்த பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்பது அநியாயம். சட்டம் மாறும்வரை காவல் நம் கையில்தான் இருக்கிறது.

இபிடிஎட்ஜ், கனெக்ட் இபிடி போன்ற செயலிகளில் எது உங்கள் மாநிலத்துக்கு உரியது என்று கேட்டுத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். அதில் கார்டைப் பூட்டும் வசதி இருந்தால் எப்போதும் பூட்டியே வையுங்கள். கல்லாவில் நிற்கும்போது திறந்து, பொருளை வாங்கியதும் மறுபடி பூட்டுங்கள். பூட்டியிருந்தாலும் மாதத் தொகை வந்து சேர்ந்துவிடும். வெளிமாநிலக் கொள்முதலையும் இணையக் கொள்முதலையும் தடுக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பணம் ஏறுவதற்கு முந்தைய நாள் பின் எண்ணை மாற்றினால், திருடன் கையில் இருப்பது பழைய எண்ணாகிவிடும். 1234 வேண்டாம், பிள்ளையின் பிறந்த நாளும் வேண்டாம்.

கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு 120 டாலர் தரும் சன் பக்ஸ் கார்டை அலமாரியில் போட்டு மறந்துவிடுகிறார்கள். அதற்கும் பின் எண்ணை உடனே மாற்றுங்கள்.

"உங்கள் கார்டு முடக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தால் அதிலுள்ள எண்ணை அழைக்காதீர்கள். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டுமே அழையுங்கள். எந்த அலுவலரும் உங்கள் பின் எண்ணைக் கேட்க மாட்டார்.

பணம் போய்விட்டதா? அந்த நிமிடமே அதே எண்ணை அழைத்துக் கார்டை ரத்து செய்து, உங்கள் மாநிலத்தின் ஸ்னாப் அலுவலகத்தில் புகாரைப் பதிவுசெய்யுங்கள். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை என்றால் 211 என்ற உதவி எண்ணை அழையுங்கள். அருகில் உணவு வழங்கும் இடத்தைச் சொல்வார்கள்.