'பந்து விளையாடக் கூடாது' என்று எழுதும் முன்

சென்னையில் ஓ.எம்.ஆர்., மேடவாக்கம், போரூர் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வேலை விஷயமாகப் போகும்போது நான் முதலில் பார்ப்பது அங்கே மாட்டியிருக்கும் போர்டுகளைத்தான். 'பந்து விளையாடக் கூடாது', 'சைக்கிள் ஓட்டக் கூடாது', 'மதியம் 1 முதல் 4 வரை சத்தம் கூடாது'. காரை எங்கே நிறுத்தலாம் என்பதற்குத் தரையில் கோடு போட்டு நம்பர் எழுதியிருப்பார்கள். குழந்தை எங்கே ஓடலாம் என்பதற்கு எதுவும் இருக்காது. யார் போட்ட விதி என்று கேட்டால், 'ஜெனரல் பாடியில பாஸ் ஆனதுங்க' என்று பதில் வரும். குடியிருப்புச் சங்கத்தின் அந்தப் பொதுக் கூட்டத்தில் வீட்டு உரிமையாளருக்கு ஓட்டு உண்டு. தினமும் சாயங்காலம் கீழே இறங்கி வருகிற எட்டு வயதுப் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பரில் சேர்ந்தது. விளையாட்டும் ஓய்வும் குழந்தையின் உரிமை என்கிறது அதன் 31ஆம் பிரிவு. தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் குழந்தை கருத்துச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றபடி அதைப் பெரியவர்கள் மதிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. முதலாவதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இரண்டாவதைச் சொன்னால் சிரிப்பார்கள். 'அதுங்களுக்கு என்னங்க தெரியும்?'

நிறையத் தெரியும். குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில், பிள்ளைகளோடு வேலை செய்கிற எங்களைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்கிற ஒரு வேலை உண்டு. பிள்ளைகளிடம் சார்ட் பேப்பரையும் ஸ்கெட்ச் பேனாவையும் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், கடை, டியூஷன் போகிற வழியை வரையச் சொல்வோம். பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு. பிள்ளைகள் மெயின் ரோட்டைத்தான் சிவப்பாக்குவார்கள் என்று பெரியவர்கள் நினைப்பார்கள். படத்தில் வருவதோ வேறு: மாடிப்படித் திருப்பத்தில் எரியாத பல்பு, லிஃப்ட் ஓடாத நாளில் ஏறியாக வேண்டிய படியில் உட்கார்ந்து குடிப்பவர்கள், தாழ்ப்பாள் இல்லாத கழிவறை, டாஸ்மாக்கை ஒட்டிய சந்து, தெருநாய்கள். அப்புறம் பையன்கள் படத்தையும் பெண் பிள்ளைகள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பையன்கள் பச்சை அடித்த மைதானம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணின் படத்தில் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. பயம் என்றுகூட அவள் குறிக்கவில்லை. அங்கே போவதேயில்லை, அவ்வளவுதான்.

பாதுகாப்பு என்றால் பெரியவர்கள் கேட்பது சி.சி.டி.வி. கேமரா. பிள்ளைகள் கேட்பது லைட்டும் தாழ்ப்பாளும். செலவைப் பார்த்தாலும் பிள்ளைகள் சொல்வதே மலிவு.

'ஆசைதான், இடம் எங்கேங்க இருக்கு?' என்பார்கள் அடுக்குமாடிக்காரர்கள். சில சமயம் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர்கள், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது கட்டட விதி. இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். அது பொதுச் சொத்து. ஆனால் பல இடங்களில் அது சுற்றுச்சுவருக்குள் போய், விருந்தாளிகளின் கார் நிறுத்துமிடமாகிவிடுகிறது. உங்கள் வளாகத்துக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கொடுத்த ஒப்புதல் வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

இடத்தைவிட எனக்குப் பெரிய கவலை வாட்ஸ்அப் குரூப். மாங்காய் பறித்தான், காரில் கீறல் போட்டான் என்று ஒரு பையனின் சி.சி.டி.வி. காட்சியை முகம் தெரியப் போட்டு, 'யார் வீட்டுப் பிள்ளை?' என்று முந்நூறு வீட்டுக்கும் அனுப்புகிறார்கள். உண்மையிலேயே குற்றம் செய்ததாக விசாரணையில் இருக்கும் சிறாரின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வழக்கிலேயே அவ்வளவு கவனம் என்றால், மாங்காய்க்கு இந்தப் பாடா?

இதற்கு நேர்மாறாக, மறைக்கவே கூடாத விஷயத்தைச் சங்கத்துக்குள் பேசி முடிப்பதும் நடக்கிறது. ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரிந்தால், தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு. சொல்லாமல் விடுவதும் குற்றம்தான். 'வளாகத்தின் பேர் கெட்டுடும்' என்பது சட்டத்தில் ஒரு காரணமே இல்லை. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள், குழந்தையே கூப்பிடலாம், இலவசம்.

அடுத்த ஜெனரல் பாடிக்கு முன்னால் அரை மணி நேரம் பிள்ளைகளோடு மட்டும் உட்காருங்கள். அப்பா அம்மா வேண்டாம், செக்ரட்டரி இருக்கட்டும். அங்கே சமையல் வேலைக்கு வரும் அக்காவின் மகள், லீவு நாளில் வாட்ச்மேன் ரூம் வாசலில் உட்கார்ந்திருப்பாளே, அவளையும் கூப்பிடுங்கள். ஊஞ்சல் 'ரெசிடென்ட்ஸ்' பிள்ளைகளுக்கு மட்டும் என்ற விதியைப் பற்றி அவளுக்கும் சொல்ல இருக்கும். அவர்கள் கேட்பதில் ஒன்றையாவது அந்த மாதமே செய்துவிடுங்கள். செய்யாவிட்டால் அடுத்த முறை கூப்பிடும்போது யாரும் வர மாட்டார்கள்.