வேறுபட்ட சமன்பாடா, வகைக்கெழுச் சமன்பாடா?

மாலை நேரங்களில் இணையத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஆங்கிலக் கேள்வியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததை அப்படியே ஒட்டி அனுப்புகிறார்கள். ஒன்று மாறும் வீதத்தை வைத்து எழுதும் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் அதில் ‘வேறுபட்ட சமன்பாடு’ ஆகிவிடுகிறது. எதிலிருந்து வேறுபட்டதாம்?

சொல்லின் கதை சின்னதுதான். லத்தீனில் டிஃபரென்ஷியா என்றால் வேறுபாடு. மிகமிகச் சிறிய வேறுபாடுகளை வைத்துக் கணக்குப் போட்ட லைப்னிட்ஸ், 1684இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த முறையை உலகுக்குச் சொன்னார். தமிழில் நாம் வைத்த பெயர் வகை. ‘வகு’ என்பதிலிருந்து வந்தது. தலையில் எடுக்கும் வகிடும் அதன் உறவுதான். கெழு என்றால் குணகம். மாறும் வீதத்தைச் சொல்லும் டெரிவேட்டிவுக்கு ஆங்கிலத்தில் டிஃபரன்ஷியல் கோஎஃபிஷியன்ட் என்றும் ஒரு பெயர் உண்டு. அதுவே நம் வகைக்கெழு. அது இடம்பெறும் சமன்பாடு வகைக்கெழுச் சமன்பாடு.

“மூலச்சொல்லே வேறுபாடுதானே, ‘வேறுபாட்டுச் சமன்பாடு’ என்றாவது திருத்திக்கொள்ளலாமே?” என்று ஒருவர் மடக்கினார். கூடாது. அந்தப் பெயருக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் உண்டு. கடன் பாக்கி மாதாமாதம் எப்படிக் குறைகிறது என்று படிப்படியாகத் தாவிக் கணக்கிடும் டிஃபரன்ஸ் ஈக்குவேஷன்தான் அது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

அதைவிடப் பெரிய வம்பு ஒன்று. 30 டிகிரி அறையில் 80 டிகிரி காபி 10 நிமிடத்தில் 55க்கு ஆறுகிறது. இன்னும் 10 நிமிடத்தில் எவ்வளவு? நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, ஆறும் வீதம் காபிக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு பையன் கேட்டான்: “அண்ணா, அந்த 50 டிகிரி வேறுபாட்டை வச்சுத்தானே இதுக்கு வேறுபாட்டுச் சமன்பாடுன்னு பேரு?” அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? பெயர் அப்படித்தான் இழுத்துப் போகிறது. சமன்பாட்டுக்குப் பெயர் தந்தது அந்த 50 அல்ல, நொடிக்கு நொடி வெப்பநிலை மாறும் வீதம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை வேறுபாடு 50, 25, 12.5 என்று பாதி பாதியாகக் குறையும். ஆகவே விடை 42.5 டிகிரி. 55இலிருந்து இன்னொரு 25ஐக் கழித்து 30 என்று எழுதியிருந்தான், பாவம்.

இலங்கையில் வகையீட்டுச் சமன்பாடு என்கிறார்கள். அதில் எனக்குச் சண்டையே இல்லை. சொல்ல இன்னும் எளிது. ஆனால் இங்கே பாடநூலில் வகையீடு என்றால் டிஃபரன்ஷியல், அதாவது மிகச் சிறிய மாற்றம்; வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ். சமன்பாட்டில் இடம்பெறுவது இரண்டாவதுதான் என்பதால் என் ஓட்டு வகைக்கெழுவுக்கு.

செயலியின் திருவிளையாடல் இதோடு நிற்கவில்லை. டெரிவேட்டிவ் அங்கே ‘வழித்தோன்றல்’. சோழ மன்னரின் வழித்தோன்றல் மாதிரி, சைனின் வழித்தோன்றல் கொசைனாம்! தொகையிடல், அதாவது இன்டகிரேஷன், ‘ஒருங்கிணைப்பு’ ஆகிறது, ஏதோ கட்சி மாநாடு போல. தொகை, வகை, விரி என்று இலக்கணக்காரர்கள் காலங்காலமாகப் புழங்கிய சொற்கள் இவை. வகுப்பதும் தொகுப்பதும் ஒன்றுக்கொன்று எதிர்வினை என்பது பெயரிலேயே தெரிகிறது. வழித்தோன்றலுக்கும் ஒருங்கிணைப்புக்கும் அப்படி என்ன உறவு?

அந்தப் பையனுக்கு ‘வகைக்கெழு’ என்று எழுதி அனுப்பினேன். உடனே பதில்: “அட, இதுவா? இது பன்னிரண்டாம் வகுப்பிலேயே படிச்சதாச்சே அண்ணா!”