உருண்டையா, நீள்குண்டா? குழலைத்தான் கேட்க வேண்டும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு விசித்திரமான மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அதற்கு நவீன ரைஃபிளோடு போக முடியாது. சிக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டிச் சுடும் பழைய துப்பாக்கியோடுதான் காட்டுக்குள் இறங்க வேண்டும். 1974-இல் ஆரம்பித்த பழக்கம் இது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, அதன் மேல் குண்டை வைத்து, கோலால் அடிவரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. கையில் இருப்பது ஒரே ஒரு வெடி. அது தவறினால், அடுத்ததைக் கெட்டிப்பதற்குள் மான் அடுத்த மலைக்குப் போயிருக்கும்.

இந்தியாவில் வேட்டைக்குத் தடை இருக்கிறது. எனக்கும் மான் மேல் குறி வைக்கும் ஆசை கிடையாது. ஆனால் அங்கே புதிதாக இந்தத் துப்பாக்கி வாங்குகிறவர் முதலில் கேட்கும் கேள்வி என்னை விடவில்லை. உருண்டைக் குண்டு போடுவதா, நீளமான குண்டு போடுவதா? கடைக்காரர் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். சரியான பதில் கடையில் இல்லை, குழலுக்குள் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள, குண்டு ஏன் சுழல வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். 1740-களில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அவற்றின் வழியே மஸ்கெட் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார். நேராகப் போக வேண்டிய குண்டு திரைக்குத் திரை விலகி வளைந்துகொண்டே போனது. வழவழப்பான குழலில் குண்டு சுவரில் உரசி உருண்டு வெளியே வருகிறது. எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்பச் சுழல்கிறது, அந்தச் சுழற்சிக்கேற்பக் காற்று அதைத் தள்ளுகிறது. ஸ்பின்னர் வீசிய பந்து காற்றிலேயே நகர்வதும் இதே காரணத்தால்தான். ஒரு குழலை இடப்பக்கம் லேசாக வளைத்தும் சுட்டார் ராபின்ஸ். முதலில் இடப்பக்கம் போன குண்டு, பிறகு அவர் சொன்னபடியே வலப்பக்கம் திரும்பியது. இந்த மனிதர் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பொறியாளராக வந்து, 1751-இல் நம் கடலூருக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார்.

கண்டபடி சுழல்வதுதான் பிரச்சினை என்றால், நமக்கு வேண்டிய அச்சில் நாமே சுழற்றிவிட்டால் போயிற்று. குழலின் உட்சுவரில் திருகாணி மரை போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்களை வெட்டுவது இதற்காகத்தான். ஈய உருண்டையை அந்தப் பள்ளங்களில் கடிக்க வைக்க ஒரு துண்டுத் துணி போதும். 50 கேலிபர் குழலின் விட்டம் அரை அங்குலம். அதில் போடும் உருண்டை பெரும்பாலும் 0.490 அங்குலம். சுற்றிவரும் பருத்தித் துணியின் தடிமன் 0.015 அங்குலம். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 0.520 வருகிறது, குழலைவிடப் பெரிது! துணி நசுங்கிப் பள்ளங்களுக்குள் பிதுங்கும். அந்தப் பிடியில்தான் குண்டு சுழல்கிறது. வெடிப்பு வாயு பக்கவாட்டில் கசியாமல் அடைப்பதும் துணிதான். குழலை விட்டு வெளியே வந்து சில மீட்டரில் அது கழன்று விழுந்துவிடும். அனுபவசாலிகள் புல்லில் தேடி அதை எடுத்துப் பார்ப்பார்கள். நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் வாயு கசிந்திருக்கிறது என்று பொருள். தடித்த துணி வேண்டும், அல்லது கூடுதல் கொழுப்பு தடவ வேண்டும்.

கொழுப்பு எதற்கு? கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். அது குழலில் ஒட்டி இறுகினால் இரண்டாவது குண்டு உள்ளேயே இறங்காது. கொழுப்போ தேன்மெழுகோ அதை இளக்கி வைக்கும். 1857-இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த அந்தத் தோட்டாக்களில் கொழுப்பு இருந்ததற்கும் இந்த மாதிரித் தேவைதான் காரணம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பள்ளம் எத்தனை அங்குல நீளத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் ஒரு குழலின் ஜாதகம். உருண்டைக்கென்று செய்த குழல்களில் 66 அல்லது 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீள்குண்டுக் குழல்களில் 28 அங்குலம், 32 அங்குலம் என்று நெருக்கமாக இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக 48 என்று ஒரு சமரசமும் உண்டு. சமரசங்களுக்கு உரிய குறைகளோடுதான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? கோளத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, அதனால் கவிழ்வதற்கும் ஒன்றுமில்லை. உருண்டை வார்ப்பில் உள்ள சிறு கோணல்கள் ஒரே பக்கம் இழுக்காமல் சமப்படும் அளவுக்கு மெதுவாகச் சுழன்றாலே போதும். நீள்குண்டின் கதை வேறு. காற்றின் தள்ளுவிசை அதன் எடைமையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கமாக விழுகிறது. பம்பரத்தைப் போல வேகமாகச் சுழன்றால்தான் அது தலைகுப்புறக் கவிழாமல் போகும். நீளம் கூடக்கூடச் சுழற்சியும் கூட வேண்டும்.

இதை 1879-இல் ஒரே வரியில் அடக்கியவர், இங்கிலாந்தின் வூல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில். குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால், பள்ளம் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது கிடைக்கும். அரை அங்குல உருண்டைக்குப் போட்டுப் பாருங்கள், 75 வருகிறது. அதே விட்டத்தில் ஓர் அங்குல நீளக் குண்டுக்கு 37.5. சூத்திரம் பிறப்பதற்கு வெகு முன்பே கொல்லுலையில் குழல் செய்தவர்கள் வெறும் அனுபவத்தில் இதற்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆக, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள குழலில் நீள்குண்டைப் போட்டால் அது தள்ளாடி, இலக்குத் தாளில் பக்கவாட்டில் மோதி, சாவித்துவாரம் போல ஓட்டை போடும். 28 அங்குலக் குழலில் உருண்டையைப் போட்டு மருந்தைக் கூட்டினால், துணியின் பிடி வழுக்கிவிடும்.

உருண்டைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு, காற்று. 50 கேலிபர் உருண்டை சுமார் 177 கிரெய்ன், அதாவது பதினொன்றரை கிராம். (ஒரு கிரெய்ன் என்பது ஏறக்குறைய அரைக் குன்றிமணி.) விநாடிக்கு 550 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அது, 100 கெஜம் போவதற்குள் ஏறக்குறைய பாதி வேகத்தை இழந்துவிடும். ஆற்றலில் மிஞ்சுவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். அதே விட்டமுள்ள 370 கிரெய்ன் நீள்குண்டுக்கு எடை இரண்டு மடங்கு, காற்றுக்குக் காட்டும் முகமோ அதேதான். அதனால் மெதுவாகக் கிளம்பினாலும் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்.

உருண்டையை நம்புகிறவருக்கு உள்ள ஒரே வழி விட்டத்தைக் கூட்டுவது. விட்டம் ஒன்றரை மடங்கானால் எடை மூன்று மடங்கைத் தாண்டும். பென்சில்வேனியாவின் மெல்லிய நீளத் துப்பாக்கிகளை விட்டுவிட்டு, மேற்கே பெரிய விலங்குகளைத் தேடிப் போனவர்கள் செயின்ட் லூயிஸ் நகரில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த தடித்த குழல்களை விரும்பியது இந்தக் கணக்கால்தான்.

ஆனால் ஆற்றல் கணக்கை மட்டும் வைத்து உருண்டையை ஒதுக்கிவிடவும் கூடாது. கலப்பில்லாத ஈயம் மிருதுவானது. மானின் உடலில் பட்டதும் காளான் போல விரியும், ஆனால் பெரும்பாலும் சிதறாது. வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. 75 கெஜத்துக்குள் அங்கே பட்டால் உருண்டையே தாராளம். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்தான் நீள்குண்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நீள்குண்டுக்குத் துணி கிடையாது. அப்படியானால் வாய் வழியாக எளிதாக இறங்கவும் வேண்டும், சுடும்போது பள்ளத்தை இறுகப் பிடிக்கவும் வேண்டும். இந்த முடிச்சு அவிழ்ந்த கதையில் தென்னிந்தியா வருகிறது. இங்கே ஊதுகுழல் அம்பு எய்கிறவர்களை ஜான் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் கேப்டன் கவனித்தார். அம்பின் அடியில் செடித்தண்டின் மெத்தென்ற தக்கை இருந்தது. ஊதியதும் அது விரிந்து குழலை அடைத்துக்கொண்டது. அதைப் பார்த்து 1820-களில் அடியில் குழிவான ஈயக்குண்டு ஒன்றை அவர் வடிவமைத்தார் என்று ஆயுத வரலாறுகள் சொல்கின்றன. அவருடைய படை அதை ஏற்கவில்லை. 1849-இல் பிரெஞ்சு அதிகாரி மினியே இதே கருத்தில் செய்த குண்டுதான் பெயர் வாங்கியது. பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு தரப்பும் சுட்டது அந்த வகைக் குண்டைத்தான்.

துணி இல்லாததற்கு ஒரு விலையும் உண்டு. துப்பாக்கி வாயைத் தாழ்த்திப் பிடித்து நடந்தால் நீள்குண்டு மெல்ல முன்னே நழுவலாம். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விழுந்த நிலையில் சுட்டால் குழலே புடைக்கும், வெடிக்கவும் கூடும். அதனால்தான் கோலில் கோடு போட்டு வைத்து, குண்டு அடியில் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்கிறார்கள்.

1985-இல் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த டோனி நைட் கொண்டுவந்த நவீன வாய்க்கெட்டுத் துப்பாக்கி இன்னொரு வழியைப் பரவலாக்கியது. சிறிய கைத்துப்பாக்கிக் குண்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கெட்டிப்பார்கள். வெளியே வந்ததும் உறை பூவிதழ் போல விரிந்து கழன்றுவிடும். வேகமும் தூரமும் கூடின. இது பழைய கலையைக் கெடுத்துவிட்டது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு, கொலராடோ மாநிலமோ தன் வாய்க்கெட்டுப் பருவத்தில் இந்த உறையைத் தடையே செய்திருக்கிறது. துணி சுற்றிய உருண்டைக்கு அங்கே தடை இல்லை.

கலிபோர்னியாவின் சிக்கல் வேறு. வேட்டையில் மிஞ்சும் இறைச்சியிலிருந்து ஈயத்தைத் தின்று காண்டோர் கழுகுகள் செத்ததால், 2019 ஜூலை முதல் ஈயக்குண்டு வேட்டைக்கு முழுத் தடை. மாற்று தாமிரம். ஈயத்தின் அடர்த்தி 11.3, தாமிரத்தின் அடர்த்தி 9-க்கும் கீழே. அதே விட்டத்தில் அதே எடை வேண்டுமானால் குண்டு நீள வேண்டும், நீண்டால் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். கிரீன்ஹில் மறுபடி வந்து நிற்கிறார். 66 அங்குலக் குழல் வைத்திருப்பவருக்குத் தாமிர நீள்குண்டு உதவாது. அவர் பிஸ்மத் என்ற உலோகம் கலந்த உருண்டையைத் தேடுகிறார். அது ஈயத்தைவிடக் கெட்டியானது, அவ்வளவாக விரியாது. ஆனாலும் துணியில் சுற்றி அந்தக் குழலுக்குள் தள்ளினால், ஒழுங்காகச் சுழன்றுகொண்டு வெளியே போகும்.