60 பிரேம் வைத்தால் ட்ரோன் வீடியோ வழுக்கிக்கொண்டு வராது

இந்த மாதத்தில் இது மூன்றாவது. திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் எடுத்த கல்யாண வீடியோவை எடிட் பண்ணித் தரச் சொல்லி நேற்று ஒரு தம்பி மெமரி கார்டோடு வந்தார். மத்தியான வெயில், நீலக் கடல், மணமக்கள் கைகோத்து நடக்கிறார்கள், எல்லாம் அழகு. ஆனால் ட்ரோன் நகரத் தொடங்கியதும் தென்னோலைகள் துள்ளித் துள்ளிப் போகின்றன, அலை நுரை ஒவ்வொரு பிரேமிலும் (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்திலும்) கத்தியால் வெட்டி வைத்த மாதிரி நிற்கிறது. "கமராவை ஆடாமல் பிடிக்கிற கிம்பல் பழுதோ அண்ணா? 60 பிரேமிலதானே எடுத்தனான்" என்கிறார்.

கிம்பலில் ஒரு பழுதும் இல்லை. செக்கனுக்கு 60 பிரேம் எடுத்தால் வீடியோ வழுக்கிக்கொண்டு வரும் என்ற கதையைத் தயவுசெய்து விடுங்கள். வேகத்தைக் குறைத்து ஸ்லோமோஷன் போடுவதற்கு 60 நல்லது. அதை அப்படியே எடிட் பண்ணும் 25 பிரேம் டைம்லைனில் போட்டால் பாதிக்கு மேற்பட்ட பிரேம்கள் வெளியே போகும், அதுவும் 60 ஐ 25 ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாததால் ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் இரண்டு என்று ஒழுங்கில்லாமல் போகும், துள்ளல் இன்னும் கூடும். கல்யாணத்துக்கு 25 இலேயே எடுங்கள், ஷட்டரை (ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை) 1/50 செக்கனில் வையுங்கள். அந்த நேரத்துக்குள் நகரும் பொருளில் விழும் சின்ன மங்கல்தான் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும்.

தம்பியின் கிளிப்பில் ஷட்டர் 1/3200! ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 2.8, அதைச் சுருக்கவும் வழியில்லாத சின்ன ட்ரோன். நமது உச்சி வெயிலுக்கு வேறு எங்கே போய் நிற்கும்? வெளிச்சத்தை 64 இல் ஒரு பங்காக்கும் என்டி 64 ஃபில்டர் போட்டிருந்தால் சரியாக 1/50 க்கு வந்திருக்கும். வெயில் இறங்கினால் என்டி 16 போதும். ட்ரோனை ஒன் பண்ணுவதற்கு முன்பே ஃபில்டரை மாட்டுங்கள், கிம்பல் நிமிர்ந்த பிறகு அதன் மூக்கைப் பிடித்துத் திருகாதீர்கள். வைட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விடாதீர்கள்.

அப்புறம் கை. சினி மோடில் (ட்ரோன் மெதுவாக நகரும் அமைப்பில்) போட்டு, ரிமோட்டின் ஸ்டிக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடித்து மெல்லத் தள்ளுங்கள். நகர்த்துவதற்கு முன் ஐந்து செக்கன், நிறுத்திய பின் ஐந்து செக்கன் பதிவு ஓடட்டும், எடிட் பண்ணுகிறவருக்கு அது பெரிய உதவி.

கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காலையிலேயே எடுத்து முடியுங்கள். அந்தக் காற்று ட்ரோனைக் கடல் பக்கம் தள்ளும், போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் பற்றரி கரையும். கோணேசர் கோயில் பக்கம் அனுமதி இல்லாமல் கிளப்பவே வேண்டாம், அது இருக்கும் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது.

தம்பியின் வீடியோவுக்குச் செயற்கை மங்கல் போட்டுப் பார்த்தேன், ஓலை நுனியெல்லாம் பிசுபிசுவென்று கரைந்துவிட்டது. கெஞ்சிக் கேட்கிறேன், திரையில் ஷட்டர் 1/50 காட்டுகிறதா என்று ஒருதரம் பாருங்கள், பிறகு மணமக்களை நடக்கச் சொல்லுங்கள்.