பழுது நேரும்போது வாடிக்கையாளரிடம் பேசுவது எப்படி?

இணையவழிச் சேவை ஒன்று திடீரென்று நின்றுபோனால், முதல் அரை மணி நேரத்தில் வந்து குவியும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "எனக்கு மட்டும்தான் இப்படியா, எல்லோருக்குமா?" வாடிக்கையாளர் தொடர்புப் பணியில் நெடுங்காலமாக இருந்துவரும் நான், இந்தக் கேள்விக்கான விடை நிறுவனத்துக்குள் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தும் வெளியே சொல்ல ஒருவருக்கும் அனுமதி இல்லாத நிலையைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்த மௌனத்தின் விலையை நிறுவனங்கள் குறைத்தே மதிப்பிடுகின்றன.

புதிதாகப் பணிக்கு வருபவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது கிட்லேப் நிறுவனத்தில் 2017இல் நடந்ததை. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை அது. 2017 ஜனவரி 31 அன்று, உலகப் பொது நேரப்படி இரவு 11 மணிக்குப் பிறகு, தரவுத்தளத்தின் நகலை வைத்திருக்கும் இரண்டாம் நிலைச் சர்வரைச் சீரமைக்க முயன்ற பொறியாளர் ஒருவர், அதில் இருப்பதாக எண்ணி முதன்மைச் சர்வரில் உள்ள கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். ஆனால் ஏறத்தாழ 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது. ஆபத்துக்கு உதவ எடுத்து வைக்கும் நகலான பேக்கப்பைத் தேடியபோது அதுவும் கைகொடுக்கவில்லை. அன்றாடம் பேக்கப் எடுக்க வேண்டிய மென்பொருள் தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் திருப்பி அனுப்பப்பட்டதால், அது யாருக்கும் தெரியவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த நகல் ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இந்த நிலையில் பெரும்பாலான நிறுவனங்கள் "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" என்று ஓர் அறிவிப்பைத் தொங்கவிட்டு ஒதுங்கியிருக்கும். கிட்லேப், தன் பொறியாளர்கள் எழுதிக்கொண்டிருந்த பணிக்குறிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்துவிட்டது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. ட்விட்டரில் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. வைத்திருந்த ஐந்து பேக்கப், நகலெடுப்பு முறைகளில் ஒன்றுகூட நம்பும்படி இயங்கவில்லை என்பதையும் அந்தக் குறிப்பிலேயே எழுதியது. மறுநாள் மாலை சேவை திரும்பியபோது, ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் தொடர்பான பதிவுகள் இழக்கப்பட்டதையும், நிரல்கள் பத்திரமாக இருப்பதையும் தனித்தனியாகச் சொன்னது. பிப்ரவரியில் வெளியான விரிவான அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. குழு உறுப்பினர் 1 என்றே குறிப்பிட்டிருந்தார்கள். என் பார்வையில் இதுதான் அந்த நிகழ்வின் மிகச் சிறந்த பகுதி. தனி ஒருவர் மீது பழியைப் போட்டுவிட்டால், தரவு அழிந்ததை யாருமே தடுக்க முடியாத அமைப்பு ஏன் இருந்தது என்ற கேள்வி அமுங்கிப்போய்விடும்.

எல்லா நிறுவனமும் நேரலை நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைவிட எளிதான ஒன்றையே பலரும் செய்வதில்லை. "காலை 10.20: பணம் செலுத்தும் பக்கம் திறக்கவில்லை. ஏற்கெனவே செலுத்திய தொகைக்குப் பாதிப்பு இல்லை. காரணம் இன்னும் தெரியவில்லை. அடுத்த தகவல் 10.50க்கு." இவ்வளவுதான் தேவை. இதில் மிகவும் பயன்படுவது கடைசி வரி, 10.50க்குப் புதிதாக எதுவும் தெரியாவிட்டாலும், தெரியவில்லை என்பதையே அந்த நேரத்தில் எழுதியாக வேண்டும். "ஒரு சிலருக்கு மட்டும் சிறு தடங்கல்" என்ற வழக்கமான வரியை நான் எழுத விடுவதில்லை. எத்தனை பேர் என்று தெரிந்தால் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் 'ஒரு சிலர்' என்று சொல்ல நமக்கு ஆதாரம் கிடையாது.

வெளிப்படைத்தன்மைக்கு வரம்பு உண்டு. அடைக்கப்படாத பாதுகாப்பு ஓட்டையின் விவரத்தைப் பொதுவெளியில் எழுதக் கூடாது. ஒருவருடைய கணக்கு எண்ணையோ முகவரியையோ கேட்க வேண்டியிருந்தால் உரையாடலைத் தனிச்செய்திக்கு மாற்றுவது சரியே. ஆனால் ஆயிரம் பேருக்குப் பொதுவான கோளாறு பற்றி ஒருவர் கேட்கும்போதும் "வருந்துகிறோம், உங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பவும்" என்று ஒரே வாசகத்தை எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டே போவது, கேள்வியைப் பொதுப்பார்வையிலிருந்து அகற்றும் வேலை. அதில் ஆபத்தும் இருக்கிறது. நிறுவனத்தின் சின்னத்தைப் போட்டுக்கொண்ட போலிக் கணக்குகள், புகார் எழுதியவருக்கு இதே வாசகத்தை அனுப்பி, ஓடிபியையும் அட்டை விவரங்களையும் பறிக்கின்றன. உண்மையான நிறுவனம் தெளிவாகப் பொதுவில் பதில் சொல்லாத இடத்தில்தான் போலிகள் எளிதாக நுழைகிறார்கள்.

நம் நாட்டில் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022இல் உத்தரவு வந்தது. தனிநபர் தரவு கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அரசுக்கு ஆறு மணி நேரத்தில் அறிக்கை தர முடிந்த நிறுவனம், வாடிக்கையாளருக்குச் சொல்ல வாரக்கணக்கில் அவகாசம் கேட்பதை ஏற்க முடியாது.

உங்கள் தொழிலுக்காக ஒரு சேவையை வாங்கப் போகிறீர்கள் என்றால், சேவை சரியாக இயங்குகிறதா என்று காட்டும் அந்நிறுவனத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் பழைய கோளாறுகளின் பதிவைத் தேடிப் படியுங்கள். ஆண்டு முழுவதும் கோளாறே இல்லை என்று பச்சை நிறமாகவே இருக்கும் பக்கம் எனக்குச் சந்தேகத்தையே தரும். சேவை கடைசியாக எப்போது நின்றது, அதற்கான காரணத்தை எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள் என்று விற்பனைப் பிரதிநிதியிடம் நேரடியாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.